திரை அணைந்த பிறகும் வைஃபை விட்டுப்போகாமல் இருக்க: தாயகம் செல்வோருக்கு

தாயகத்தில் போய் இறங்கியதும் பெரும்பாலானோர் வெளிநாட்டு சிம்மில் டேட்டா ரோமிங்கை அணைத்துவிட்டு, தங்கும் வீட்டின் வைஃபையில் போனை இணைத்துக்கொள்கிறார்கள். பகலில் ஒரு குறையும் இருக்காது. சிக்கல் இரவில்தான். வட அமெரிக்காவிலிருந்து வந்தவருக்கு, படுக்கப்போகும் நேரம் அங்கே பகல். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவருக்கு, இங்கே விடியுமுன்பே அங்கே அலுவலகம் திறந்துவிடும். வங்கியும் பிள்ளையின் பள்ளிக்கூடமும் வீட்டில் விட்டுவந்தவர்களும் நம்மைத் தேடுகிற அந்த நேரத்தில்தான் போன் மேசையில் அசையாமல் கிடந்து ஆழ்ந்து உறங்குகிறது. காலையில் திரையைத் தொட்டதும், தவறிய அழைப்புகள் எல்லாம் மொத்தமாக வந்து விழும்.

உடனே வைஃபை சரியில்லை என்று முடிவுகட்ட வேண்டாம். இன்றைய போன்கள் திரை அணைந்தாலும் வைஃபையை அறுப்பதில்லை. ரவுட்டர் விநாடிக்கு சுமார் 10 முறை ஒரு சிறு அறிவிப்பை வெளியிட்டுக்கொண்டே இருக்கும். உங்கள் போனுக்கு ஏதாவது வந்து காத்திருந்தால் அதற்கான குறிப்பும் அதிலேயே இருக்கும். போனிலுள்ள வைஃபை சில்லு அதைப் பார்க்க மட்டும் அவ்வப்போது விழித்து, ஒன்றுமில்லை என்றால் மறுபடி உறங்கிவிடும். அதனால் சிக்னல் நன்றாக உள்ள இடத்தில் இரவு முழுக்க வைஃபையில் இருப்பது பேட்டரியை அதிகம் தின்னாது. சிக்னல் மெலிந்த மூலையில்தான் இணைப்பு விடுபட்டு, தேடி, மறுபடி ஒட்டி என்று பேட்டரி வீணாகும். ரவுட்டர் கூடத்திலும் படுக்கை கடைசி அறையிலும் என்றால், 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை விட்டு 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் இணையுங்கள். வேகம் குறையலாம், ஆனால் சுவர் தாண்டி வர அதுதான் நல்லது.

வைஃபை இருந்தும் அழைப்பு வரவில்லை என்றால், பெரும்பாலும் போனின் மின்சேமிப்புதான் காரணம். ஆண்ட்ராய்டில் 2015இல் வந்த 6ஆம் பதிப்பிலிருந்து 'டோஸ்' என்றொரு உறக்கநிலை உண்டு. சார்ஜரில் இல்லாமல், திரை அணைந்து, அசையாமல் சிறிது நேரம் கிடந்தால் போன் அதற்குள் போய்விடும். செயலிகள் இணையத்தைத் தொட முடியாது. இடையிடையே கொஞ்ச நேரம் மட்டும் கதவு திறக்கும். வாட்ஸ்அப் அழைப்பு போன்ற அவசரச் செய்திகளுக்கு கூகுளின் வழியாகத் தனிப்பாதை உண்டு என்பதால், சாதாரணமாக அவை வந்துசேரும். ஆனால் போன் தயாரிப்பாளர்கள் இதற்கு மேல் தங்கள் சொந்தக் கட்டுப்பாடுகளையும் வைத்திருக்கிறார்கள். அங்கேதான் பல அழைப்புகள் தொலைகின்றன.

எனவே முதலில், உங்களுக்கு உயிரான இரண்டு மூன்று செயலிகளுக்கு இந்த மின்சேமிப்பிலிருந்து விலக்கு கொடுங்கள். செட்டிங்ஸில் ஆப்ஸ், அதில் வாட்ஸ்அப், அதில் பேட்டரி. ஆண்ட்ராய்டு 12 முதல் வந்தவற்றில் 'அன்ரெஸ்டிரிக்டட்' என்று இருக்கும், அதைத் தேர்ந்தெடுங்கள். சாம்சங்கில் 'நெவர் ஸ்லீப்பிங் ஆப்ஸ்' பட்டியலிலும் சேர்த்துவிட வேண்டும். ஷாவ்மியில் 'ஆட்டோஸ்டார்ட்' தனியாக இருக்கிறது, அதையும் திறந்துவிடுங்கள். ஒப்போ, ஒன்பிளஸ் வைத்திருப்பவர்கள் 'ஸ்லீப் ஸ்டாண்ட்பை ஆப்டிமைசேஷன்' என்ற தெரிவைத் தேடி அணைத்துவிடுவது நல்லது. நீங்கள் உறங்கும் நேரத்தைக் கணித்து மின்சாரம் மிச்சம் பிடிக்கிற தெரிவு அது. எல்லாச் செயலிக்கும் விலக்குக் கொடுத்தால் பேட்டரி காலைவரை தாங்காது, அதனால் இதில் கொஞ்சம் கறாராக இருங்கள்.

வேலை முடிந்ததும் திறந்திருக்கும் செயலிகளையெல்லாம் ஒவ்வொன்றாகத் தள்ளி மூடும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. சில போன்களில் அப்படித் தள்ளினால் செயலி முற்றாக நிறுத்தப்பட்டுவிடும். அப்புறம் அந்தத் தனிப்பாதை வழியாகவும் எதுவும் வராது. வாட்ஸ்அப்பைத் தள்ளாதீர்கள்.

பழைய போனை எடுத்து வந்து அதில் வெளிநாட்டு சிம்மைப் போட்டு வைத்திருப்பவர்களுக்கு வேறொரு இடம் பார்க்க வேண்டியிருக்கும். அந்தக்கால ஆண்ட்ராய்டுகளில் வைஃபை அமைப்புகளுக்குள் 'அட்வான்ஸ்ட்' பகுதியில், உறக்கத்தின்போது வைஃபை எப்போதும் இருக்கட்டுமா, சார்ஜில் இருக்கும்போது மட்டுமா, வேண்டவே வேண்டாமா என்று கேட்கும். 'எப்போதும்' என்று வையுங்கள். புதிய போன்களில் இந்தத் தெரிவு எடுக்கப்பட்டுவிட்டது, தேடி அலைய வேண்டாம்.

ஐபோனில் இவ்வளவு வேலை இல்லை. 'லோ பவர் மோட்' போட்டால் செயலிகள் பின்னணியில் புதுப்பித்துக்கொள்வதும் மின்னஞ்சல் தானாக வருவதும் நின்றுவிடும், அதனால் இரவில் அதை அணைத்துவிடுங்கள். வைஃபை பெயருக்கு அருகிலுள்ள குறியைத் தொட்டு, 'லோ டேட்டா மோட்' அணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஐபோனோ ஆண்ட்ராய்டோ, உறக்க நேரத்துக்கென்று தானாக ஓடும் 'டு நாட் டிஸ்டர்ப்' வைத்திருந்தால், ஊர் மாறியதும் அது இங்குள்ள நேரத்துக்கு மாறிவிடும். யாருடைய அழைப்பு எந்நேரமும் ஒலிக்க வேண்டுமோ அவர்களை அதன் விலக்குப் பட்டியலில் போடுங்கள்.

இனி, புறப்படுமுன்பே முடிக்க வேண்டிய ஒன்று: வைஃபை காலிங். வெளிநாட்டு எண்ணுக்கு வரும் சாதாரண அழைப்பும் வங்கியின் ஓடிபியும் கைபேசிக் கோபுரம் இல்லாமல் வைஃபை வழியாகவே வருவதற்கு இது உதவும். சில சிம் நிறுவனங்கள் இதைத் தங்கள் நாட்டுக்கு வெளியே அனுமதிப்பதில்லை. சில அனுமதித்தாலும் கட்டணம் வேறாக இருக்கும். அதனால் வீட்டிலிருந்தே கேட்டு உறுதிசெய்து, அங்கேயே ஒருமுறை இயக்கிப் பாருங்கள். இங்கு வந்ததும் ஏரோப்ளேன் மோட் போட்டு வைஃபையை மட்டும் திரும்பத் திறந்தால், கைபேசிக் கோபுரத்தைத் தொடாமல் வெளிநாட்டு எண் வைஃபையில் இயங்கும். அதே போனில் உள்ளூர் சிம்மும் இருந்தால் அதுவும் கோபுரத்தைவிட்டுப் போய்விடும் என்பதை நினைவில் வையுங்கள். இரண்டும் வேண்டுமென்றால் பழைய போன் கைகொடுக்கும்.

வைஃபைக்குப் பதில் இன்னொருவர் போனின் ஹாட்ஸ்பாட்டில் இருந்தால் இரவுக்கு அதை நம்ப வேண்டாம். உங்கள் போன் உறங்கியதும் இணைப்பு விடுபட்டால், யாரும் இல்லை என்று ஹாட்ஸ்பாட்டும் தானாக அணைந்துவிடும். ஆண்ட்ராய்டில் இந்தத் தானியங்கி அணைப்பை நிறுத்த ஒரு தெரிவு உண்டு. பையில் வைக்கும் சிறு ரவுட்டர்களிலும் உறக்க நேரம் குறித்த அமைப்பு இருக்கும், அதையும் பாருங்கள். விடுதி வைஃபை வேறு வகை. சில மணிநேரத்தில் உள்நுழைவு காலாவதியாகிவிடும், வைஃபை குறி மட்டும் மாறாமல் நிற்கும். படுக்குமுன் உலாவியைத் திறந்து ஏதாவது ஒரு பக்கம் வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் செய்தபின் சோதிக்காமல் விடாதீர்கள். சார்ஜரில் போட்டுச் சோதித்துப் பயனில்லை, சார்ஜில் இருக்கும்போது போன் டோஸுக்குள் போகாது. சார்ஜரைக் கழற்றி, திரையை அணைத்து, ஒரு மணிநேரம் யாரும் தொடாத இடத்தில் வையுங்கள். பிறகு வெளிநாட்டிலிருக்கும் ஒருவரை வாட்ஸ்அப்பிலும், வைஃபை காலிங் இருந்தால் சாதாரண எண்ணிலும் அழைக்கச் சொல்லுங்கள். இரண்டும் ஒலித்தால் சரி. ஒலிக்காவிட்டால் போனைச் சார்ஜில் போட்டுவிட்டு மறுபடி அழைக்கச் சொல்லுங்கள். இப்போது ஒலிக்கிறதா? அப்படியென்றால் குறை மின்சேமிப்பில், மேலே சொன்ன அமைப்புகளில் ஒன்று விடுபட்டிருக்கிறது. இப்போதும் ஒலிக்கவில்லை என்றால் வைஃபையையோ வெளிநாட்டு சிம் நிறுவனத்தையோ பார்க்க வேண்டும். அதைக் கண்டுபிடிக்கும்வரை இரவில் போனைச் சார்ஜரில் மாட்டி, ரவுட்டர் இருக்கும் அறையிலேயே வைத்துவிடுங்கள்.