மாணவர் பத்திரிகையில் வரும் கருத்துக் கட்டுரையைப் பகுத்தாய்வது எப்படி?

ஒரு கருத்துக் கட்டுரையைப் பகுத்தாய்ந்து எழுதச் சொன்னால், பெரும்பாலான மாணவர்கள் அதன் சுருக்கத்தை எழுதி, கடைசியில் "நான் இதை ஏற்கிறேன்" என்று ஒரு வரி சேர்த்துத் தருகிறார்கள். சுருக்கம் கட்டுரை என்ன சொல்கிறது என்பதைச் சொல்லும். பகுப்பாய்வோ, கட்டுரையாளர் தன் முடிவுக்கு எந்த ஆதாரத்தால் வந்து சேர்ந்தார், எந்த இடத்தில் ஆதாரமில்லாமல் தாண்டிப் போனார் என்பதைக் காட்ட வேண்டும். இலங்கையின் வடக்கே வன்னியில் வரும் சுவர்ப் பத்திரிகை, தவணைச் சஞ்சிகை, பல்கலைக்கழக மாணவர் இதழ் எல்லாவற்றுக்கும் கீழே உள்ள முறை பொருந்தும். தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் படிக்கும் உயர்தர வகுப்பு மாணவருக்கு நல்ல பயிற்சியாகவும் இருக்கும். 600 அல்லது 700 சொல் கொண்ட கட்டுரைக்கு 40 நிமிடப் பாடவேளை இரண்டு போதும்.

முதலில் வசனங்களுக்கு இலக்கமிடுங்கள்

கட்டுரையைப் போட்டோப் பிரதி எடுங்கள். சுவரில் ஒட்டியது என்றால் தொலைபேசியில் படமெடுத்து அச்சிடுங்கள். ஒவ்வொரு வசனத்துக்கும் தொடக்கத்தில் இலக்கமிடுங்கள். இது சின்ன வேலைதான், ஆனால் "கட்டுரை பக்கச்சார்பானது" என்ற மொட்டைக் குற்றச்சாட்டு "11ஆம் வசனத்தில் ஆதாரம் இல்லை" என்று மாறுவது இதனால்தான்.

பிறகு பேனையைக் கீழே வைத்துவிட்டு முழுவதையும் ஒரு தடவை வாசியுங்கள். வாசித்து முடித்ததும் "இன்னது செய்ய வேண்டும், ஏனெனில் இன்னது" என்ற வடிவில் கட்டுரையின் நிலைப்பாட்டை ஒரே வசனத்தில் எழுதுங்கள். எழுதியவர் அதைப் பார்த்தால் "ஓம், இதைத்தான் சொன்னேன்" என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அப்படி எழுத முடியவில்லையா? கட்டுரையில் இரண்டு நிலைப்பாடுகள் கலந்திருக்கலாம், அல்லது ஒன்றுமே இல்லாதிருக்கலாம். அதுவே உங்கள் முதல் கண்டுபிடிப்பு.

நான்கு குறிகள்

இரண்டாம் வாசிப்பில் ஒவ்வொரு வசனத்துக்கும் பக்கத்தில் ஒரு குறி இடுங்கள். சரிபார்க்கக்கூடிய தகவலுக்கு "த", ஊகத்துக்கு "ஊ", எது நல்லது எது முதன்மையானது என்ற மதிப்பீட்டுக்கு "ம", செய்ய வேண்டியதைச் சொல்லும் பரிந்துரைக்கு "ப". பயிற்சிக்காக நாம் அமைத்த ஒரு பந்தி இது:

(1) ஏ9 வீதியில் ஓடும் இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) பஸ்கள் பருவச்சீட்டு மாணவர்களைக் கண்டால் நிற்பதே இல்லை. (2) போன வாரம் எங்கள் வகுப்பில் ஏழு பேர் முதலாம் பாடத்தைத் தவறவிட்டார்கள். (3) நடத்துநர்களுக்கு மாணவர்களின் படிப்பில் அக்கறை இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? (4) ஆகவே காலையில் மாணவருக்கெனத் தனி பஸ் விட வேண்டும்.

முதலாம் வசனம் தகவல் போலத் தோன்றும். ஆனால் "நிற்பதே இல்லை" என்பது எல்லா பஸ்ஸையும், எல்லா நாளையும் சேர்த்துக் கட்டிவிடுகிறது. ஏ9 கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் வரை போகும் வீதி. எந்தத் தரிப்பிடம், எத்தனை மணி, உள்ளூர் பஸ்ஸா தூர சேவையா என்று வசனம் சொல்லவில்லை. "த" போட்டு, பக்கத்தில் கேள்விக்குறியும் போடுங்கள்.

இரண்டாம் வசனம் தெளிவான தகவல். எங்கே சரிபார்ப்பது? வரவு இடாப்பில் வந்தார், வரவில்லை என்பதுதான் இருக்கும்; பிந்தி வந்தது தெரியாது. வாசலில் மாணவ தலைவர்கள் பதியும் பதிவேடு இருந்தால் அதைப் பாருங்கள். ஏழு பேரும் பஸ்ஸால்தான் பிந்தினார்களா என்பது வேறு கேள்வி; அதை அந்த ஏழு பேரிடமே கேட்க வேண்டும்.

மூன்றாம் வசனம் ஊகம். கேள்வி உருவில் வருவதால் ஆதாரம் கேட்க நமக்குத் தோன்றாது, ஆகவே கேள்விகளை எப்போதும் கூற்றாக மாற்றி எழுதிப் பாருங்கள்: "நடத்துநர்களுக்கு அக்கறை இல்லை." இப்போது இடைவெளி தெரியும். வவுனியாவிலிருந்து வரும்போதே பஸ் நிரம்பியிருக்கலாம், நேர அட்டவணை நெருக்கமாக இருக்கலாம். வேறு இரண்டு காரணங்களை நீங்களே எழுத முடிந்தால், கட்டுரையாளர் அவற்றை விலக்கிக் காட்டியிருக்க வேண்டும்.

நான்காவது பரிந்துரை. யாரிடம் கேட்கிறார்? இ.போ.ச. சாலை (டிப்போ) முகாமையாளரிடமா, அமைச்சிடமா? தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவின் "சிசு செரிய" என்ற பாடசாலை பஸ் சேவை ஏற்கெனவே நாட்டில் இருக்கிறது. அது இந்தப் பாதையில் ஓடுகிறதா இல்லையா என்று ஒரு வரியும் இல்லை. கட்டுரையின் பெரிய ஓட்டை அங்கேதான் இருக்கிறது.

"ம" குறி இந்தப் பந்தியில் விழவில்லை, ஆனால் நீர்ப் பங்கீட்டைப் பற்றிய கட்டுரைகளில் நிறைய விழும். "இரணைமடுக் குளத்தில் சிறுபோகத்துக்கு நீர் போதாது" என்பதை நீர்மட்டத்தையும் விதைப்பு ஏக்கரையும் கொண்டு சோதிக்கலாம். "நீரில் முதலுரிமை விவசாயிக்கே" என்பதை எந்தப் புள்ளிவிபரத்தாலும் பொய்யாக்க முடியாது. அதற்குக் காரணம் சொல்லியிருக்கிறாரா, குடிநீர் கேட்பவரின் பக்கத்தையும் நேர்மையாக எடுத்துப் பேசியிருக்கிறாரா என்றுதான் பார்க்க வேண்டும்.

வன்னி எண்களில் இரண்டு பொறிகள்

முதலாவது எல்லை. வன்னித் தேர்தல் மாவட்டம் என்றால் வவுனியா, மன்னார், முல்லைத்தீவு. கிளிநொச்சி யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்குள் வரும். பேச்சு வழக்கிலோ கிளிநொச்சி இல்லாமல் வன்னி இல்லை. "வன்னியில் இத்தனை பேர்" என்று ஓர் எண் வந்தால், எந்த எல்லைக்குரிய எண் என்று கேளுங்கள். தேர்தல் மாவட்ட எண்ணை எடுத்துக் கிளிநொச்சிப் பாடசாலைகளைப் பற்றி முடிவு சொன்னால் முழு வாதமும் சரிந்துவிடும்.

இரண்டாவது அடிப்படை ஆண்டு. 2009இல் போரினால் கிளிநொச்சி, முல்லைத்தீவு மக்கள் ஏறக்குறைய முழுமையாக இடம்பெயர்ந்திருந்தார்கள். இடம்பெயர்ந்தோர் தங்கிய செட்டிகுளம் மெனிக்பாம் முகாம் 2012 செப்டெம்பரில்தான் மூடப்பட்டது. அந்த ஆண்டுகளோடு ஒப்பிட்டால் மாணவர் தொகை, நெல் விளைச்சல், கடைகள் எல்லாமே பல மடங்கு வளர்ந்ததாகத் தெரியும். அந்த எண்ணில் பெரும்பங்கு மீள்குடியேற்றம்.

மாவட்டச் செயலகத்தின் புள்ளிவிபரக் கைந்நூலையும் வலயக் கல்வி அலுவலகத்தையும் முதலில் நாடுங்கள். கிடைக்காவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பொறுப்பாசிரியர் விண்ணப்பிக்கலாம். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானத்தைச் சொல்ல வேண்டும். வாராந்தச் சுவர்ப் பத்திரிகைக்கு அது பிந்திவிடும், தவணைச் சஞ்சிகைக்குப் போதும்.

"கூறப்படுகிறது"

பெயரில்லாத வினைகளை வட்டமிடுங்கள்: கூறப்படுகிறது, நம்பப்படுகிறது, மக்கள் விசனம் தெரிவிக்கின்றனர். வேறு இடங்களில் இதைச் சோம்பல் என்று உடனே எழுதிவிடலாம். வன்னியில் அவசரப்படக் கூடாது. காணி, காணாமல் ஆக்கப்பட்டோர், மணல் அகழ்வு பற்றி எழுதும் பிள்ளை ஒருவரைப் பாதுகாக்கவே பெயரை விட்டிருக்கலாம். பிரித்தறிய ஒரு வழி உண்டு. அந்தத் தகவல் பொது ஆவணத்திலோ வெளிவந்த செய்தியிலோ ஏற்கெனவே இருந்தும் மூலம் சொல்லவில்லை என்றால் அது குறை. சொன்னால் ஒருவருக்கு ஆபத்து என்றால், பெயரை விட்டதைக் குறையாக எழுதாதீர்கள். "தரம் 11 மாணவியின் தாய்" போல அடையாளம் வெளிப்படாத விபரம் தந்திருக்கலாமா என்று மட்டும் பாருங்கள். சிறிய கிராமத்தில் அந்த விபரமே ஆளைக் காட்டிக் கொடுக்குமென்றால் அதுவும் வேண்டாம்.

எழுதும்போது

250 முதல் 300 சொல்லுக்குள் நிறுத்துங்கள். நிலைப்பாட்டைச் சொல்லும் ஒரு வசனம், மிக வலுவான ஆதாரம் எது, ஏன் வலுவானது என்பது, மிகப் பெரிய இடைவெளி எது என்பது, அதை எந்தத் தகவல் நிரப்பும் என்பது. பத்துக் குறை கண்டாலும் முடிவைப் பாதிக்கும் ஒன்றையோ இரண்டையோ மட்டும் எழுதுங்கள். எழுத்துப் பிழைகளைத் தனித்தாளில் கொடுத்தால் போதும். நீங்கள் உடன்படும் கட்டுரையில்தான் குறிகள் தவறும். ஆகவே அதே கட்டுரைக்கு எதிர்நிலையில் உள்ள ஒருவரையும் குறியிடச் சொல்லி, இரண்டு தாள்களும் வேறுபடும் வசனங்களைச் சேர்ந்து பேசுங்கள்.

பகுப்பாய்வில் எழுதியவரின் பெயர் வேண்டாம், "கட்டுரையாளர்" என்றே குறிப்பிடுங்கள். அவருடைய ஊர், குடும்பம், முந்தைய எழுத்து எதுவும் உள்ளே வரக்கூடாது. சுவரில் ஒட்டுவதற்கு முன் அவரிடம் ஒரு பிரதி கொடுங்கள். அவர் பதில் எழுதினால், அதே பலகையில் பக்கத்திலேயே ஒட்டுங்கள்.