குட்டி ரிவோல்வரால் குறி தப்பாமல் சுடுவது: முதல் பழகுகிறவர்களுக்கு

ஹூஸ்டனில் இரவு வேலை செய்கிற என் மருமகன் ஒருநாள் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். சுடுதளத்தில் தொங்கவிட்ட தாள். நடுவில் இருந்த கறுப்பு வட்டத்தில் ஒரு கீறல்கூட இல்லை. அதற்குக் கீழே, இடது பக்கமாய், அஞ்சு ஓட்டைகள் சிதறிக் கிடந்தன. "மாமா, இந்தத் துவக்குப் பிழை போல கிடக்கு" என்று ஒரு வரியும் எழுதியிருந்தான்.

துவக்கில் பிழையில்லை. நானும் அந்த ஊரில் 12 வருசம் இருந்தவன். ஞாயிற்றுக்கிழமைகளில் சுடுதளத்துக்குப் போய்வருவேன், முதல் மூன்று மாதம் என்ரை தாளும் இப்பிடித்தான் இருந்தது. இப்போது மாங்குளத்தில் தென்னம்பிள்ளைகளுக்குத் தண்ணி விட்டுக்கொண்டிருக்கிறேன். இங்கே இலங்கையில் 1916ஆம் ஆண்டிலிருந்து இருக்கிற துவக்குச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஒன்றும் வைத்திருக்க ஏலாது, எனக்குத் தேவையுமில்லை. ஆகவே இது வெளிநாட்டில் சட்டப்படி வாங்கி, சுடுதளத்தில் பழகுகிற எங்கடை பிள்ளைகளுக்கு. அங்கேயும் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேற, அதை முதலில் விசாரியுங்கோ.

ஏன் இது கஷ்டமான சாமான்

மருமகனிடம் இருப்பது ஸ்மித் அண்ட் வெசன் 642. உடுப்புக்குள் மறைத்துக் கொண்டுபோகவென்றே செய்தது. ரவை போடுகிற சுழல் உருளை, அதாவது சிலிண்டர், அஞ்சு ரவை கொள்ளும். குழல் 1.875 அங்குலம், சுண்டுவிரல் அளவுதான் வரும். முழுத்துவக்கும் அரைக்கிலோ இல்லை. ஆனால் விசையை இழுக்க அஞ்சு கிலோவுக்குக் கிட்டப் பலம் வேண்டும். சங்கதி முழுக்க இதுக்குள்தான் இருக்கிறது. அரைக்கிலோச் சாமானை அஞ்சு கிலோப் பலத்தோடு இழுத்தால், விசை மட்டுமா வரும்? துவக்கும் சேர்ந்து வரும்.

அடுத்தது குறி. குழல் நுனியில் நிற்கிற முன்குறிக்கும் பின்னாலே பள்ளமாய் இருக்கிற பின்குறிக்கும் இடையில் 9 சென்ரிமீற்றர் என்று வையுங்கோ. முன்குறி ஒரு மில்லிமீற்றர் விலகினால், 7 மீற்றர் தூரத்தில் சன்னம் கிட்டத்தட்ட 8 சென்ரிமீற்றர் தள்ளிப் போகும். நீளக் குழல் உள்ள ரிவோல்வரில் இதே பிழை பாதியாய்க் குறைந்துவிடும். குட்டித் துவக்கு நேராய்த்தான் சுடும், கையின் பிழையை மறைக்கத்தான் அதுக்குத் தெரியாது.

தொட முதல்

வீடியோ கோலில் நான் அவனுக்கு முதல் சொன்னது, "சிலிண்டரைத் திறந்து விளக்குக்கு நேரே பிடி." அஞ்சு ஓட்டையாலும் வெளிச்சம் வந்தது. "ரவைப் பெட்டி எங்கை?" "மேசையிலை மாமா." "கொண்டுபோய் மற்ற அறைக்குள்ளை வைச்சிட்டு வா. வந்து திரும்பக் காட்டு." முணுமுணுத்துக்கொண்டு போனான். போகட்டும். ஒவ்வொரு தரமும் பார்க்க வேண்டும், நூறாவது தரமும்.

சுடுதளத்தில் குழல் எந்நேரமும் குறிப்பலகைப் பக்கமே இருக்கட்டும். குறி பொருந்தும்வரை விரல் விசைக்கு வெளியே. ரிவோல்வருக்கென்று ஒரு தனி எச்சரிக்கையும் உண்டு. சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவில் மெல்லிய இடைவெளி இருக்கிறது, வெடிக்கும்போது அதனால் சூடான வாயு பக்கவாட்டில் சீறும். பிஸ்டல் பிடித்துப் பழகினவர்கள் பெருவிரலை முன்னுக்கு நீட்டுவார்கள். இதில் அப்படிச் செய்தால் விரல் வெந்துபோகும், கிழியவும் கூடும்.

கண்ணாடி கட்டாயம். காதுக்குள் நுரை அடைப்பான், மேலே காதுமூடி, இரண்டும் போடுங்கோ. சின்னக் குழல் என்றால் சத்தம் இன்னும் கூட, 150 டெசிபலைத் தாண்டும்.

ரவை வாங்கும்போது பொயின்ற் 38 ஸ்பெஷல் என்கிற ரவை வகையில் 148 கிறெயின் எடையுள்ள வாட்கட்டர் கேளுங்கோ. மூக்குத் தட்டையான சன்னம். உதைப்புக் குறைவு, தாளில் அச்சுக்குத்தியதுபோல வட்டமாய் ஓட்டை விழும். பிளஸ் பி என்று பெட்டியில் எழுதியிருக்கிற பலமான ரவையை இப்போதைக்குக் கடையிலேயே விட்டுவிடுங்கோ.

பிடி, கண், இழுவை

பிடியின் ஆக மேலே, பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் உள்ள கவட்டை போய் முட்ட வேண்டும். பிடி கட்டையென்றபடியால் சுண்டுவிரலுக்கு இடம் கிடைக்காது, கீழே மடித்துக்கொள்ளுங்கோ. இடது கை வலது கையைச் சுற்றிப் பொத்தட்டும். இடது பெருவிரல் வலது பெருவிரலுக்கு மேலே. கை நடுங்கத் தொடங்குமட்டும் இறுக்கி, நடுக்கம் நிற்கிற அளவுக்குக் கொஞ்சம் தளர்த்தினால் அதுதான் உங்கள் பிடி.

கண் முன்குறியில் மட்டும். பின்குறியும் தாளும் மங்கலாய்த் தெரியட்டும், மங்கத்தான் வேண்டும். தாளை எட்டிப்பார்க்கிற ஆசையை அடக்குங்கோ, ஓட்டை எங்கேயும் ஓடிப்போகாது.

விசையில் விரலின் முதல் மூட்டுக் கோடு படவேண்டும். நுனி போதாது, பலம் காணாது. இழுக்கிறது எப்படி? கப்பியில் வாளி இழுத்திருப்பீர்கள்தானே. இடையில் நிப்பாட்டினால் வாளி ஆடித் தண்ணி சிந்தும், வெடுக்கென்று இழுத்தாலும் சிந்தும். ஒரே வேகத்தில், கை மாறாமல், மேலே வருமட்டும் இழுக்கவேண்டும். விசையும் அப்படித்தான். வெடித்த பிறகு விரலை முழுக்க முன்னுக்கு விடுங்கோ. அரைவாசியில் திரும்ப இழுத்தால் விசை சிக்கும்.

இதை ரவை இல்லாமல் வீட்டில் பழகலாம். போலி ரவை அஞ்சு போட்டு, பின்னால் ஆள் நடமாட்டமில்லாத சுவரில் ஒரு புள்ளி ஒட்டி, நாளுக்கு 25 தரம். "டிக்" என்று விழும்போது முன்குறி அசையக்கூடாது. மருமகன் இழுக்கிறபோது நான் திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசிக் கணம் வரை நேராய் நின்ற குழல், "டிக்" வர முதல் கோழி கொத்துகிறமாதிரி ஒருக்கால் கீழே குனிந்தது. தாளில் கீழே இடது பக்கம் விழுந்த அஞ்சு ஓட்டைக்கும் காரணம் அதுதான்.

மூடுகிற கண்

சுடுதளத்தில் இதைப் பிடிக்க ஒரு வழி. மூன்று உண்மை ரவை, இரண்டு போலி ரவை. பார்க்காமல் சிலிண்டரைச் சுழற்றி மூடுங்கோ. போலி ரவை வரும்போது வெடிக்காது, ஆனால் கை உதைப்பை எதிர்பார்த்துக் குனிகிறது அப்பட்டமாய்த் தெரியும். மருமகனுக்குக் கையோடு கண்ணும் மூடியது.

2009இல் அவனுக்கு எட்டு வயது. புதுக்குடியிருப்பிலிருந்து இடம்பெயர்ந்து, பங்கருக்குப் பங்கர் தூக்கித் திரிந்த பிள்ளை. சத்தம் வர முதலே கண்ணை மூடுறது எங்கடை ஆக்களுக்கு ஆரும் சொல்லித் தரவேண்டியதில்லை. அமெரிக்கப் பயிற்சியாளர் சொல்கிற "பழக்கத்தில் போய்விடும்" இதுக்கு முழுக்கக் காணாது. நான் சொன்னது வேறு. ஒருநாள் சுடாமல் போய், காது இரண்டையும் மூடிக்கொண்டு பின்னுக்கு நின்று மற்றவர்களின் வெடியைக் கேள். நெஞ்சு படபடத்தால் வீட்டுக்கு வா, வெட்கமில்லை. அடுத்த கிழமை உதைப்பும் சத்தமும் குறைந்த பொயின்ற் 22 துவக்கு ஒன்றை வாடகைக்கு எடு. ஆள் குறைந்த நேரம் பார்த்துப் போ. ஒரு நாளைக்கு 25 ரவை, அதோடு சரி.

தூரம் 3 யாரில் (யார் என்றால் கஜம், மூன்றடி) தொடங்கட்டும். அஞ்சும் உள்ளங்கைக்குள் விழுந்தால் 5 யார், பிறகு 7. இழுத்தும் வெடிக்காவிட்டால் குழலைத் திருப்பாமல் 30 விநாடி பொறுங்கோ. "பொத்" என்று மெல்லிய சத்தம் மட்டும் வந்தால் உடனே நிறுத்திப் பயிற்சியாளரைக் கூப்பிடுங்கோ. சன்னம் குழலுக்குள் சிக்கியிருக்கலாம், அடுத்த வெடி குழலையே பிளக்கும். வெற்றுக் கோதுகளைத் தள்ளும்போது சிலிண்டரைத் திறந்து, குழல் வாயை மேலே பிடித்து, தள்ளுகம்பியில் உள்ளங்கையால் ஒரே அடி. முடிந்ததும் சவர்க்காரம் போட்டுப் பச்சைத்தண்ணியில் கை கழுவிவிட்டுத்தான் சாப்பாடு. ஈயத்தூள் கண்ணுக்குத் தெரியாது.

போன ஞாயிறு திரும்பப் படம் வந்தது. 7 யார். நாலு ஓட்டை தேத்தண்ணிக் கோப்பையின் வாய்க்குள் அடங்கியிருந்தது. அஞ்சாவது பழைய இடத்தில், கீழே இடது பக்கம்.

"அதென்னடா?" என்று கேட்டேன்.

"பக்கத்திலை ஒருத்தன் பெரிய துவக்காலை வெடி வைச்சவன் மாமா."