கங்குதானே என்று அறைக்குள் கொண்டுபோகாதீர்கள்: மலைக் காட்டேஜில் நடக்கும் தவறுகள்

சீசன் தொடங்கிவிட்டால் கொடைக்கானல், ஊட்டி, கோத்தகிரிப் பக்கம் ஒரே காட்சிதான். இரண்டு கார், எட்டுப் பேர், ஒரு மூட்டை அடுப்புக்கரி. ஸ்வெட்டர் எடு, வாந்தி மாத்திரை போடு, இறக்கத்தில் இரண்டாவது கியரில் வா என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வேண்டும் என்பதும் தெரிந்ததுதான். தெரியாமல் போகிறவை வேறு.

இருட்டிய பிறகு போய்ச் சேர்வது

மலைக் காட்டேஜ் ஊருக்குள் இருக்கும் லாட்ஜ் அல்ல. மேப்பில் 25 நிமிடம் என்று காட்டும் கடைசிப் பத்து கிலோமீட்டரில் பாதி, ஜீப் மட்டும் ஏறும் மண் பாதையாக இருக்கலாம். கடைசித் தூரம் எப்படிப்பட்ட பாதை, தரை உயரம் குறைந்த கார் ஏறுமா, போன் சிக்னல் எந்த இடத்தோடு நின்றுவிடும் என்ற மூன்றையும் முன்பணம் கட்டும் முன்பே கேளுங்கள். மாலை ஐந்து மணிக்குள் அறைக்குப் போய்விட வேண்டும். மூடுபனியில் ஹை பீம் போட்டால் கண்ணெதிரே வெள்ளைச் சுவர்தான் நிற்கும், லோ பீமில்தான் தரை தெரியும். அதற்குள் கறுப்பாக ஒரு காட்டெருமை நின்றால் பத்தடி வரும்வரை தெரியாது.

கரி அடுப்பு

இதற்கு எத்தனை முறை சொன்னாலும் ஒரே பதில்: "புகை அடங்கிடுச்சுங்க, கங்குதானே இருக்கு."

ஆபத்தே அந்தக் கங்குதான். கொழுந்துவிட்டு எரியும் விறகு கண்ணைக் கரிக்கும், இருமல் வரும், தானாக வெளியே ஓடிவிடுவீர்கள். சிவந்து கிடக்கும் கரியில் புகை இல்லை. காற்று போதாமல் அது பாதியாக எரியும்போது வெளிவரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும்.

நடப்பது எப்போதும் ஒரே மாதிரிதான். வெளியே பார்பிக்யூ முடிகிறது. குளிர் ஏறுகிறது. மிச்சக் கங்கை அடுப்போடு தூக்கி வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் வைக்கிறார்கள். குளிர்க்காற்று வராமல் கதவிடுக்கில் துண்டைத் திணிக்கிறார்கள். முதலில் தலை கனக்கும், பிறகு குமட்டும். குடித்தது ஒத்துக்கொள்ளவில்லை என்பார் ஒருவர், மலை உயரம் என்பார் இன்னொருவர். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர், ஊட்டி சுமார் 2,240. உயரத்தால் வரும் நோய் பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேல்தான் தொடங்கும். அடுத்து கால் துவளும். கதவு நான்கடியில் இருந்தாலும் எழுந்து போக முடியாது. தூங்கிப்போனவருக்கு இந்த அறிகுறிகூடத் தெரியாது. கொடைக்கானலில் இப்படியே உயிர்கள் போயிருக்கின்றன, அடுத்த வாரமும் கரி மூட்டை மேலே ஏறுகிறது.

ஜன்னலை ஒரு விரற்கடை திறந்து வைத்தால் போதும் என்பது தப்புக்கணக்கு. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரையும் நம்பாதீர்கள். அதற்கு ஆக்சிஜனும் இந்த வாயுவும் ஒன்றுபோலவே தெரியும், அளவு சரி என்றே காட்டும்.

ஓர் அறையில் இரண்டு மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் தலை வலித்தால் காரணம் தேட வேண்டாம். கதவைத் திறந்து எல்லோரையும் வெளியே இழுத்துவிட்டு 108-ஐ அழையுங்கள். "அறைக்குள் கரி எரிந்தது" என்ற வார்த்தையை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். சாதாரணக் காற்றில் அந்த வாயு ரத்தத்தில் பாதியாகக் குறைய நான்கைந்து மணி நேரமாகும், முகமூடி வைத்து முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். படுத்தால் சரியாகிவிடும் என்று மட்டும் விடாதீர்கள்.

கரியை அணைக்க ஒரு சொம்புத் தண்ணீர் போதாது. ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, கை வைத்துப் பார்க்கும் அளவுக்கு ஆறிய பிறகும் வெளியிலேயே கிடக்கட்டும். ஜன்னலுக்கு அடியில் வேண்டாம்.

கணப்பு உள்ள பழைய பங்களா என்றால், பற்றவைக்கும் முன் செய்தித்தாளை முறுக்கிக் கொளுத்தி அதன் வாயில் காட்டுங்கள். புகை மேலே போனால் சரி. அறைக்குள் திரும்பினால் புகைபோக்கியின் தகடு மூடியிருக்கும், இல்லையென்றால் உள்ளே பறவைக்கூடு இருக்கும். சாம்பல் முழுதும் ஆறும்வரை அந்தத் தகட்டை மூடக் கூடாது.

குளிருக்கு வழி வேறு. இரண்டு கம்பளி இருந்தால் ஒன்றைக் கீழே விரியுங்கள், பாதிக் குளிர் மெத்தைக்கு அடியிலிருந்துதான் வரும். படுக்கும் முன் காலுறையை மாற்றுங்கள், பகலில் போட்டது வியர்வையில் ஈரமாக இருக்கும். ரப்பர் வெந்நீர்ப் பை ஒன்று கால்மாட்டில்.

ஹீட்டரும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸும்

2,000 வாட் ஹீட்டர் ஏறத்தாழ 9 ஆம்பியர் இழுக்கும். சிறிய 6 ஆம்பியர் பிளக்கிலோ அதே அளவு எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலோ செருகினால் உருகக்கூடும். 16 ஆம்பியர் பிளக்கில் மட்டும் போடுங்கள். கரண்ட் போனால் இன்வெர்ட்டர் அதைத் தாங்காது.

குளியலறைக்குள் இருக்கும் கேஸ் கீசர்

முதலில் வாளியை நிரப்பு, கீசரை அணை, பிறகு குளி. காரணம் மேலே சொன்ன அதே வாயு.

மிச்சச் சாப்பாட்டை வராந்தாவில் வைப்பது

நீலகிரியில் இதற்குப் பெயர் கரடிக்கு விருந்து. எண்ணெயும் வெல்லமும் மணந்தால் கரடி கதவை உடைத்துக்கூட வரும். எண்ணெய்ப் பாத்திரத்தைக் கழுவி உள்ளே வையுங்கள், குப்பையை இரவில் வெளியே வைக்காதீர்கள். பகலில் குரங்கு வரும், ஜன்னல் கொக்கியைப் போட்டு வையுங்கள்.

காட்டெருமையோடு செல்ஃபி

வேண்டாம்.

கேம்ப் ஃபயர்

பிப்ரவரி முதல் மே வரை சருகு காய்ந்து கிடக்கும், ஒரு பொறி போதும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டக் குரங்கணியில் மலையேறப் போனவர்களைக் காட்டுத்தீ என்ன செய்தது என்பதைத் தேனிக்காரர்கள் மறக்கவில்லை. காட்டேஜ்காரர் கட்டிவைத்த குழியில் மட்டும் மூட்டுங்கள், பக்கத்தில் இரண்டு குடம் தண்ணீர் இருக்கட்டும்.

சோறு வேகவில்லை என்ற புகார்

அரிசி பழுதில்லை. ஊட்டி உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் எவ்வளவு தீ வைத்தாலும் அதற்கு மேல் சூடு ஏறாது. காட்டேஜில் குக்கர் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு, இல்லையென்றால் வீட்டிலிருந்து எடுத்துப் போங்கள். கேஸ்கெட்டோடு.