“கோப்பு உருவாக்கப்பட வேண்டும்” என்றால், யார் உருவாக்குவது?

மென்பொருள் ஆவணங்களைத் திருத்துவது என் வேலை. புதிய ஆவணம் ஒன்று கைக்கு வந்தால், ‘படும்’, ‘பட வேண்டும்’ என்று முடியும் வரிகளைத்தான் முதலில் தேடுவேன். “அமைப்புக் கோப்பு உருவாக்கப்பட வேண்டும்” என்று ஒரு வரி இருக்கும். மென்பொருளைக் கணினியில் ஏற்றும் நிரலான நிறுவி தானே உருவாக்கிக்கொள்ளுமா, படிப்பவர் உட்கார்ந்து உருவாக்க வேண்டுமா? எழுதியவருக்கு விடை தெரியும் என்பதால் அந்தக் குழப்பம் அவர் கண்ணில் படுவதே இல்லை. “நிறுவி அமைப்புக் கோப்பை உருவாக்கும்” அல்லது “அமைப்புக் கோப்பை நீங்கள் உருவாக்குங்கள்” என்று செய்பவரை வாக்கியத்துக்குள் கொண்டுவாருங்கள்.

அடுத்தது பெயர்கள். ஒரு வழிகாட்டியில் இரண்டாம் பக்கத்தில் ‘பயனர்’, நான்காம் பக்கத்தில் ‘உறுப்பினர்’, ஏழாம் பக்கத்தில் ‘கணக்காளர்’ என்று இருந்தது. மூவரும் ஒருவரே. அணியில் புதிதாகச் சேர்ந்த நிரலாளர் அதைப் படித்துவிட்டு, உறுப்பினருக்கென்று தனி அனுமதி நிலை ஒன்றை இரண்டு நாள் உழைத்து எழுதி முடித்திருந்தார். அவர்மீது எந்தப் பிழையும் இல்லை. சொன்ன சொல்லையே திரும்பச் சொல்லாமல் எழுதுவது கட்டுரைக்கு அழகாக இருக்கலாம். ஆவணத்தில் சொல் மாறினால் பொருளும் மாறிவிட்டது என்றே படிப்பவர் எடுத்துக்கொள்வார்.

இதற்கு ஒரு சொற்பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். அட்டவணையாக மூன்று பத்திகள் போதும்: நாம் வழங்கும் சொல், ஒரே வரியில் அதன் பொருள், அதற்குப் பதிலாக எழுதக் கூடாத சொற்கள். மூன்றாவது பத்திதான் அன்றாடம் உதவும். ஒவ்வொரு வெளியீட்டுக்கும் முன் அந்தச் சொற்களை எல்லாப் பக்கங்களிலும் தேடுங்கள். ஐந்து நிமிட வேலை. திரையில் பொத்தான் ‘சேமி’ என்றால் ஆவணத்திலும் ‘சேமி’தான். ‘பதிவு செய்’ என்று எழுதினால் படிப்பவர் இல்லாத பொத்தானைத் தேடிக்கொண்டிருப்பார்.

‘வேண்டும்’ என்ற சொல்லிலும் கவனம் தேவை. கட்டாயத்தையும் வெறும் பரிந்துரையையும் நாம் அதே சொல்லால் சொல்லிவிடுகிறோம். இணைய நெறிமுறைகளை எழுதுவோருக்கும் இதே சிக்கல் இருந்ததால், 1997-இல் வந்த ஆர்எஃப்சி 2119 என்ற இணைய நெறிமுறை ஆவணம் இத்தகைய சொற்களுக்குப் பொருளை வரையறுத்தது. நான் தமிழில் பின்பற்றும் வழக்கம் இது: செய்யாவிட்டால் இயங்காது என்றால் ‘கட்டாயம் செய்ய வேண்டும்’, காரணம் இருந்தால் விட்டுவிடலாம் என்றால் ‘செய்வது நல்லது’, விருப்பம் என்றால் ‘செய்யலாம்’. நான்காவதாக ஒரு வடிவத்துக்கு இடம் கொடுப்பதில்லை.

படிகளின் வரிசை என்பது எனக்கு வலியோடு நினைவிருக்கும் விஷயம். காப்பு நகலிலிருந்து தரவுத்தளத்தை மீட்பது பற்றிய ஒரு பக்கம், நான் சரிபார்த்து அனுப்பியது. அதில் நான்காம் படி மீட்புக் கட்டளை. அதன் கீழே, “குறிப்பு: இதற்கு முன் சேவையை நிறுத்தியிருக்க வேண்டும்.” நள்ளிரவில் அவசரமாக அந்தப் பக்கத்தைத் திறந்த சக ஊழியர் நான்காம் படியை இயக்கிய பிறகே குறிப்பைப் பார்த்தார். இடையில் வந்துகொண்டிருந்த பதிவுகள் அழிந்துபோயின. அவசரத்தில் இருப்பவர் ஒரு வரியைப் படிப்பார், அதைச் செய்வார், பிறகே அடுத்த வரிக்குப் போவார். ஆகவே எச்சரிக்கை கட்டளைக்கு மேலே இருக்க வேண்டும். இன்னும் நல்லது, அதையே தனிப் படியாக்குவது. “சேவையை நிறுத்துங்கள். ‘நின்றுவிட்டது’ என்று நிலை காட்டிய பிறகே அடுத்த படிக்குச் செல்லுங்கள்.” தமிழில் நிபந்தனை இயல்பாகவே வினைக்கு முன் வந்து நிற்கும். அதைப் பிரித்துக் கீழே குறிப்பாகத் தள்ளாதீர்கள்.

எடுத்துக்காட்டுகளில் உண்மையான முகவரிகளை இடாதீர்கள். எக்ஸாம்பிள்.காம் போன்ற பெயர்களை இதற்காகவே ஆர்எஃப்சி 2606 1999-இல் ஒதுக்கிவைத்தது. ஐபி முகவரி தேவையென்றால், எடுத்துக்காட்டுகளுக்கென்றே ஒதுக்கப்பட்ட, 192.0.2 என்று தொடங்கும் தொகுதி இருக்கிறது. தேதியை 2024-04-03 என்று ஆண்டு, மாதம், நாள் வரிசையில் எழுதுங்கள். 03/04 என்பதை ஆளுக்கொரு விதமாகப் படிப்பார்கள். பிழைச் செய்தியைச் சுருக்காமல் எழுத்து மாறாமல் ஒட்டுங்கள், ஏனென்றால் சிக்கிக்கொண்டவர் அதை அப்படியே நகலெடுத்துத்தான் தேடுவார்.

எழுதி முடித்ததும், எதுவும் நிறுவாத புதிய கணினியில், இந்தத் திட்டத்தை அறியாத ஒருவரை உட்காரவைத்து முதல் படியிலிருந்து செய்யச் சொல்லுங்கள். நீங்கள் பின்னால் அமர்ந்து வாய் திறக்காமல் இருங்கள். அவர் திரும்பி உங்களைப் பார்க்கும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். கடைசியாக நான் அப்படி அமர்ந்தபோது ஒன்பது இடங்கள் வந்தன; அவற்றில் ஆறு, “இந்தக் கட்டளையை எந்தக் கோப்புறையிலிருந்து இயக்குவது?” என்ற ஒரே கேள்வி. இப்போது ஒவ்வொரு கட்டளைக்கும் மேலே கோப்புறையின் பெயர் இருக்கிறது.