ஆடிக்காற்றில் குட்டி விமானத்தைத் தரையோடு கயிற்றால் கட்டும்போது

றெக்கைக் கயிற்றை விறைப்பாக இழுத்துக் கட்டாதீர்கள். ஓர் அங்குலம் தொய்வு விடுங்கள். மணிலா நார்க் கயிறு, பருத்திக் கயிறு இரண்டும் சாரலில் நனைந்ததும் சுருங்கும். ஏற்கெனவே விறைப்பாக இருந்தால் அந்த இழுப்பு முழுவதும் றெக்கையைக் கீழ்நோக்கி வளைக்கும், விமானம் தலைகீழாகப் பறக்கும்போது ஏறுகிற பளுவைப் போல. அதற்காகத் தொளதொளவென்றும் விடக்கூடாது, ஒவ்வொரு வீச்சுக்கும் வெட்டி வெட்டி இழுத்து, கயிறு மாட்டியிருக்கும் வளையமே தளர்ந்துவிடும்.

கயிறு நைலானாக இருப்பது நல்லது. செஸ்னா 172 என்ற நான்கு இருக்கைக் குட்டி விமானத்தின் கையேடு 700 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 320 கிலோ இழுவை தாங்கும் கயிறு கேட்கிறது. கைக்குக் கிடைக்கிறதே என்று தும்புக்கயிற்றை எடுக்க வேண்டாம். நழுவாத முடிச்சாகப் போடுங்கள். கட்டுவதற்கென்று உள்ள வளையத்தில் மட்டும். றெக்கையைத் தாங்கும் சாய்வுக் கம்பியில் கட்டினால் கயிறு சறுக்கிக் கம்பி வளைந்துவிடும்.

மூக்கு மேற்கே பார்க்கட்டும். செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்று கயத்தாறு காற்றாலைகளைச் சுழற்றுவது அந்தப் பக்கமிருந்துதான். கண்ட்ரோல் லாக், அதாவது றெக்கையிலும் வாலிலும் உள்ள அசையும் பலகைகள் காற்றில் அடித்துக்கொள்ளாமல் பிடிக்கும் பூட்டு, போட மறக்காதீர்கள்.

சங்கிலியால் கட்டினால் நனைந்து சுருங்கும் இந்தக் கணக்கு கிடையாது. ஐப்பசி இடிமழைக்கு இப்படிக் கட்டுவது போதாது: காற்று திசை மாறி மாறி அடிக்கும், ஹேங்கருக்குள் (விமானக் கொட்டகைக்குள்) தள்ளிவிடுவதே சரி.