மாடிஃபை செய்த காரை ஏற்காட்டுக்கு ஏற்றி இறக்குவது எப்படி?

என் கார் மிட்சுபிஷி லான்சர் செடியா. 2 லிட்டர் பெட்ரோல், ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் திருவள்ளூரில் தயாரித்தது. "செடியா? என்ன செடிங்க?" என்று கேட்காத ஆள் எங்கள் தெருவில் இல்லை. நான்கு கதவு வண்டியை ஸ்போர்ட்ஸ் கார் என்று சொல்லலாமா என்று சண்டைக்கு வர வேண்டாம். நம் ஊர் ரேலிகளில் பல வருடம் ஓடிய வண்டி, எனக்கு அது போதும். வாங்கிய சூட்டிலேயே காயிலோவர் (உயரத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் செட்) போட்டு உயரத்தை இறக்கினேன், அலாய் வீல் மாற்றினேன், சத்தமான சைலன்சர் ஒன்றையும் மாட்டினேன். பிரேக்கை மட்டும் தொடவில்லை. எங்கள் கார் கிளப்போடு முதல்முறை ஏற்காடு போய்விட்டு இறங்கும்போது, கீழிருந்து எண்ணினால் எட்டாவது கொண்டை ஊசி வளைவுக்குச் சற்று மேலே, பிரேக் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது.

அடுத்த கிளப் பயணத்துக்கு முதல்முறையாகக் கிளம்புகிறவர்கள் "என்ன செய்து வைக்கணும்?" என்று கேட்டதால் எழுதுகிறேன். கார் ஓட்டத் தெரியும், ஜாக்கி போடத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

முதல் படி: காகிதம்

இதை யாரும் படிக்கமாட்டீர்கள் என்று தெரியும், அதனால் சுருக்கமாக. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து ஆர்.சி. புத்தகம் மாறுபடுகிற அளவுக்கு வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே வருடம் வந்த திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். நிறம் மாற்றினால் ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். எஞ்சினை மாற்றுவதற்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகம் போக வேண்டும். செய்த மாற்றங்களை இன்சூரன்ஸ்காரரிடம் எழுத்தில் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால் கிளெய்ம் நேரத்தில் அதுவே அவர்களுக்கு வசதியாகப் போய்விடும்.

சைலன்சரைப் பற்றி என் கருத்து: கம்பெனி கொடுத்த பழையதையே திரும்ப மாட்டிவிட்டு வாருங்கள். ஞாயிறு காலை ஆறு மணிக்குப் பன்னிரண்டு கார்கள் சேலம் கோரிமேடு வழியாக உறுமிக்கொண்டு போனால், அடுத்த மாதம் நம்மை வழியிலேயே நிறுத்திவிடுவார்கள். என்னுடையது இப்போது பரண்மேல் கிடக்கிறது.

இரண்டாம் படி: உரசுகிறதா?

உயரம் இறக்கிய காரில் அகலமான டயர் போட்டிருந்தால் ஊருக்குள் ஓட்டும்போது எதுவும் தெரியாது. கொண்டை ஊசி வளைவில்தான் ஸ்டியரிங்கை முழுசாக ஒடிப்போம், அப்போதுதான் டயர் சக்கரத்துக்கு மேலே இருக்கும் உள் ஃபெண்டரில் போய் முட்டும். சோதிக்க எளிய வழி: டயரின் தோள்பட்டையில் சாக்பீஸ் அல்லது சுண்ணாம்பு தடவுங்கள். பின் சீட்டில் இரண்டு பேரை உட்கார வையுங்கள், டிக்கியில் பைகளையும் போடுங்கள். ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுசாக ஒடித்து, ஒரு சக்கரத்தை நடைபாதை ஓரத்தில் ஏற்றி இறக்குங்கள். சுண்ணாம்பு எங்கே ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். ஆள் இல்லாத காரில் பார்த்துவிட்டு "உரசலை" என்று சொல்கிறவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

டயரின் வயதையும் பாருங்கள். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் வருடம் 23ஆவது வாரம். அலாய் புதிதாக மாட்டியிருந்தால், நூறு கிலோமீட்டர் ஓடியபின் நட்டுகளை டார்க் ஸ்பேனரால் (இறுக்கத்தை அளந்து காட்டுவது) மறுபடி சரிபார்க்க வேண்டும். ஸ்டெப்னி பழைய இரும்பு வீல்தானே? அலாய்க்கு வாங்கிய நட்டு அதற்குப் பொருந்தாமல் போகலாம். பழைய நட்டு ஒரு செட் டிக்கியில் கிடக்கட்டும்.

மூன்றாம் படி: பிரேக் ஆயில்

இங்கே கொஞ்சம் உட்கார்ந்து பேசுவோம்.

நான் மாட்டிக்கொண்டதற்கு முந்தைய வாரம்தான் ஒரு பட்டறையில் காரைக் காட்டினேன். டப்பா மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "ஆயில் லெவல் இருக்கு, கலரும் நல்லாருக்கு, போங்க தம்பி" என்றார்கள். லெவலும் இருந்தது, கலரும் இருந்தது. ஆனால் அந்த ஆயில் மாற்றி நான்கு வருடம் ஆகியிருந்தது.

பெடலின் அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோவது பிரேக் ஆயில்தான். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏற ஏற அதன் கொதிநிலை இறங்கும். டாட் 4 தரத்தில் புது ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் தாங்க வேண்டும். சுமார் 3.7 சதவீதம் தண்ணீர் கலந்துவிட்டால் 155 டிகிரி தாங்கினாலே போதும் என்பதுதான் விதி. டாட் 3 இன்னும் மோசம்: 205, 140. கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழி உண்டாகும். திரவத்தை அழுத்த முடியாது, ஆவியை அழுத்தலாம். பெடலை மிதித்தால் குமிழிதான் சுருங்குகிறது, சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கைப் பேடு பிடிப்பதில்லை. பஞ்சு மாதிரி இருந்ததன் காரணம் இதுதான்.

இவ்வளவு சூடு எங்கிருந்து வருகிறது என்று வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். ஏற்காடு கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரம். அடிவாரம் வரை ஆயிரம் மீட்டருக்கு மேல் இறங்குகிறோம். ஆயிரம் மீட்டர் என்றே வைத்துக்கொண்டால்கூட, அந்த உயரத்தின் ஆற்றல் முழுவதையும் பிரேக்கே வாங்கினால், 100 கி.மீ. வேகத்தில் போகும் காரை 25 முறை நிறுத்துவதற்குச் சமம். கார் லேசா, கனமா என்பதால் இந்த 25 மாறாது, எடை இரண்டு பக்கமும் அடிபட்டுப் போகும். நாற்பது நிமிடத்துக்குள் 25 முறை! அன்று நான் காரை மூன்றாவது கியரில் வைத்துக்கொண்டு பிரேக்கை மிதித்தபடியே வந்தேன்.

ஆகவே, பயணத்துக்கு முன்னால் ஆயிலை முழுவதும் மாற்றுங்கள். மேலே கொஞ்சம் ஊற்றி லெவல் கட்டினால் மாற்றியதாக ஆகாது. டாட் 4 அல்லது டாட் 5.1 வாங்குங்கள், இரண்டும் ஒரே வகை. வெறும் டாட் 5 என்பது சிலிக்கோன், அதை இதோடு கலக்கவே கூடாது. 5, 5.1 என்று பெயர் வைத்த புண்ணியவான் யாரோ. அரை லிட்டர் பாட்டில் இரண்டு வாங்கினால் போதும். திறந்த பாட்டிலில் மிச்சமிருந்தால் அடுத்த வருடத்துக்கு என்று எடுத்து வைக்காதீர்கள், அதுவும் ஈரம் குடிக்கும். ஆயில் பெயின்ட்டில் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், இல்லையென்றால் பெயின்ட் உரிந்துவிடும்.

பழைய ஆயிலையும் காற்றையும் வெளியேற்ற, அதாவது ஏர் எடுக்க, இரண்டு பேர் வேண்டும். உள்ளே இருப்பவர் பெடலை மிதித்துப் பிடித்துக்கொள்ள, வெளியே இருப்பவர் சக்கரத்தின் பிரேக்கில் இருக்கும் நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். மூடிய பிறகுதான் காலை எடுக்க வேண்டும். எந்தச் சக்கரத்தில் தொடங்குவது என்பது காருக்குக் கார் மாறும், கையேட்டைப் பாருங்கள். மேல் டப்பா நடுவில் காலியாகிவிட்டால் மொத்த வேலையும் முதலிலிருந்து. என் தம்பியை நம்பி மிதிக்கச் சொல்லிவிட்டு, அவன் போன் எடுக்கப் போனதில் எனக்கு அரை நாள் போனது.

ஈரம் பார்க்கும் பேனா மாதிரியான கருவி ஒன்று விற்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தேதி பார்த்து மாற்றிவிடுங்கள், கருவி வாங்கும் காசு ஆயிலுக்கு ஆகும். ரேஸ் பேடும் வேண்டாம். அது சூடானால்தான் பிடிக்கும். விடிகாலைக் குளிரில் முதல் வளைவிலேயே குரங்கு குறுக்கே வந்தால், பேடு சூடாகிற வரை அது காத்திருக்காது. தெருவுக்கான நல்ல பேடு போதும்.

நான்காம் படி: கூட்டமாகப் போவது

பன்னிரண்டு கார் ஒரே வால் மாதிரி போகக் கூடாது. நான்கு, ஐந்தாகப் பிரியுங்கள். நடுவில் பஸ்ஸும் ஊர்க்காரர்களின் வண்டியும் நுழைந்து முந்த இடம் இருக்க வேண்டும். வழி தெரிந்தவர் முன்னால், டூல்ஸ் வைத்திருப்பவர் கடைசியில். புதிதாக வருகிறவர் இரண்டாவது வண்டி. எல்லாரும் புதியவரைக் கடைசியில் விடுவார்கள், அவர் பிடிக்கப் போகிறேன் என்று விரட்டிக்கொண்டு வருவார். பொதுச்சாலையில் ரேஸ் விட்டால் மோட்டார் வாகனச் சட்டம் 189ஆம் பிரிவில் குற்றம். ஓட்டிப் பார்க்க ஆசையிருந்தால் கோவையில் கரி ஸ்பீட்வே என்ற ரேஸ் டிராக் இருக்கிறது, காசு கட்டி ஓட்டுங்கள்.

பேசிக்கொள்ள வாக்கி டாக்கி நல்லது, வளைவுக்கு வளைவு போன் சிக்னல் போய்விடும். 446 மெகாஹெர்ட்ஸ் குறைசக்தி செட்டுக்கு உரிமம் தேவையில்லை. அதைவிடச் சக்தி கூடியதை ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கி மாட்டிக்கொள்ளாதீர்கள்.

பெட்ரோலைச் சேலத்திலேயே போட்டுக்கொள்ளுங்கள். அஸ்தம்பட்டியில் ஆறு மணிக்குள் கூடிவிட்டால் ஏழரைக்கெல்லாம் ஏரிக்கரையில் காபி குடிக்கலாம்.

ஐந்தாம் படி: ஏறுவது

இதற்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இருபது வளைவு, இரண்டாவது கியர், வெப்பமானியில் ஒரு கண். முள் ஏறினால் ஏ.சி.யை நிறுத்துங்கள். வளைவில் பஸ் வருவது தெரிந்தால் முன்னாலேயே நின்றுவிடுங்கள், அதற்கு முழு ரோடும் வேண்டும். கிளட்ச் வாசம் வந்தால் ஹேண்ட் பிரேக் போட்டுக் கிளப்புங்கள். வேகத்தடையைச் சாய்வாக, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றினால் அடி தட்டாது, ஆனால் எதிரே வண்டி வராதபோது மட்டும். மேலே போனதும் சேர்வராயன் கோயில் வரை ஓட்டுங்கள். 32 கி.மீ. எஸ்டேட் சுற்றுச்சாலையை மட்டும் இறக்கிய காரில் சுற்றாதீர்கள். நான் சுற்றினேன், முன் பம்பர் உதட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன்.

ஆறாம் படி: இறங்குவது

அன்று பெடல் போனபோது நான் செய்த ஒரே நல்ல காரியம், பதற்றத்தில் பெடலை மடமடவென்று பலமுறை மிதித்தது. அதில் கொஞ்சம் அழுத்தம் திரும்பியது. மூன்றிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து ஒன்று என்று கியரை இறக்கி, ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கி, மலைச்சுவர் பக்கம் ஒதுங்கினேன். ஹேண்ட் பிரேக் கேபிளில் இயங்குவது, ஆயில் கொதித்தாலும் வேலை செய்யும். ஒரேயடியாக இழுத்தால் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும்.

பின்னால் வந்த காய்கறி வேன்காரர் நிறுத்தி, டயர் பக்கம் முகர்ந்து பார்த்துவிட்டு, "ஏறுன கியர்லயே எறங்கணும் தம்பி, இது தெரியாமயா இத்தனை செலவு பண்ணி வெச்சிருக்கீங்க?" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை.

ஆக, இரண்டாவது கியரில் இறங்குங்கள். எஞ்சின் சத்தம் போடட்டும், அதற்கு ஒன்றும் ஆகாது. பிரேக்கை லேசாக மிதித்துக்கொண்டே வராமல், வளைவுக்கு முன் அழுத்தமாகப் பிடித்து, வேகம் குறைந்ததும் முழுசாக விடுங்கள். விட்டிருக்கும் நேரத்தில்தான் டிஸ்க் ஆறும். நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம் என்று இன்னும் நம்புகிறவர்கள் உண்டு. இன்ஜெக்டர் வைத்த எஞ்சின் கியரில் இறங்கும்போது பெட்ரோலையே நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் ஐடிலுக்குக் குடிக்கும். குறுகலான இடத்தில் ஏறுகிற வண்டிக்கு வழி விட வேண்டும், இது விதி.

நடுவில் ஒருமுறை அகலமான இடம் பார்த்து நின்று ஆற விடுங்கள். கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள், பிரேக்கை மிதித்தபடி நிற்காதீர்கள். தண்ணீர் ஊற்றவே வேண்டாம். அடிவாரத்தில் பக்கெட்டோடு ஓடிவருவார்கள், நல்ல மனசுதான், ஆனால் கொதிக்கும் டிஸ்க்கில் தண்ணீர் பட்டால் கோணும், வெடிப்பும் விழும். ஒருமுறை ஆயில் கொதித்துவிட்டால், ஆறியதும் பெடல் சரியான மாதிரி இருந்தாலும் அந்த ஆயிலை மாற்றியே ஆக வேண்டும்.

பின்னால் சேர்த்தது: ஆட்டோமேட்டிக் கார்காரர்கள் மூன்று பேர் கேட்டிருந்தார்கள். டி-யில் விட்டுவிட்டு வந்தால் அது மேல் கியருக்குத் தாவிவிடும். மேனுவல் முறையிலோ எல்-லிலோ வையுங்கள். உலர் கிளட்ச் டி.எஸ்.ஜி. என்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் வைத்திருக்கும் போலோக்காரர்கள், ஏறும் வழி நெரிசலில் அங்குலம் அங்குலமாக நகராமல் இடைவெளி விட்டு மொத்தமாக நகருங்கள், கிளட்ச் சூடாவது குறையும்.

இன்னொன்று: மே மாதக் கோடை விழா சமயத்தில் அடிவாரம் வழியாக ஏறி, இன்னொரு மலைப்பாதையான குப்பனூர் வழியாக இறங்கும்படி ஒருவழியாக்குவது உண்டு. அந்த நாட்களில் கிளப்போடு போகவே வேண்டாம் என்பது என் கட்சி. மற்ற நாளில் குப்பனூர்ப் பக்கம் இறங்க ஆசையிருந்தால் வெளிச்சம் இருக்கும்போதே இறங்குங்கள். இருட்டினால் காட்டுமாடு ரோட்டில் நிற்கும், கறுப்பு உடம்பு ஹெட்லைட்டில் கடைசி நொடியில்தான் தெரியும்.

போன மாதம் ஆறாவது முறையாக இறங்கி வந்தோம். அடிவாரத்தில் ஒவ்வொரு காராகச் சக்கரத்துக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ச் சூடு பார்த்தேன், தொடவில்லை. ஒன்றே ஒன்று மட்டும் அனலடித்தது, புதிதாக வந்த பையனுடையது. அவன் ஆயில் எப்போது மாற்றியது என்று கேட்டேன். "கலர் நல்லாத்தான்ணே இருக்கு" என்றான். அவனை அரை மணி நேரம் உட்கார வைத்துவிட்டு, மற்றவர்களைத் தட்டுவடை செட் சாப்பிட ஊருக்குள் அனுப்பினேன்.