ரஃப் பெரிடாட் சேக்கிறீங்களா? இந்த தப்பெல்லாம் பண்ணாதீங்க

பெரிடாட்னா நம்ம ஊர்ல பலருக்கும் மோதிரக் கல்லாத்தான் தெரியும், மரகதம் வாங்க காசு பத்தலையா, அப்போ இதைப் போட்டுக்கோங்கன்னு சொல்ற பச்சைக் கல்லு. பட்டை தீட்டாம, பூமியில இருந்து வந்த மாதிரியே ரஃப்பா அதை வாங்கி வைக்கிறவங்க கொஞ்ச பேர்தான். அந்தக் கொஞ்ச பேரும் ஆரம்பத்துல நகைக்கடைக் கண்ணோடதான் பாக்குறாங்க, நல்ல பச்சையா இருக்கா, கண்ணாடி மாதிரி சுத்தமா இருக்கா, அவ்ளோதான் கேள்வி. பட்டை தீட்டுறவருக்கு அது போதும், அவர் எப்படியும் வெட்டத்தானே போறார். சேக்கிறவங்க பாக்க வேண்டியது கிரிஸ்டலோட முகமும் (தானா வளந்த தட்டையான பக்கம்) விளிம்பும் நுனியும். நுனி ஒடஞ்ச கல்லை "ரஃப்தானே, அப்படித்தான் இருக்கும்"னு தலையில கட்டுவாங்க, அது வெட்டுறதுக்கான ரஃப் விலைக்குத்தான் போகணும், அப்படியே சேத்து வைக்கிற ஸ்பெசிமன் விலைக்கு இல்ல.

அந்தக் கல்லு எங்க எப்படி வளந்துச்சுன்னு தெரியாம வாங்குறதுதான் என்னைக் கேட்டா பெரிய தப்பு. பெரிடாட்ங்கிறது நகைத் தரத்துல இருக்கிற ஆலிவின்தான், மக்னீசியமும் இரும்பும் கலந்த சிலிகேட், பச்சை வர்றது அந்த இரும்பால. அமெரிக்காவுல அரிசோனா மாநிலத்துல சான் கார்லோஸ் அப்பாச்சி மக்களோட நிலத்துல நிறைய கிடைக்குது. ஆனா அங்க அது பூமிக்கு அடியில மேன்டில்ங்கிற ஆழத்து அடுக்கோட பாறையில கடலை மிட்டாய்ல கடலை மாதிரி ஒன்னோட ஒன்னு நெருக்கிக்கிட்டு வளந்து, அப்புறம் எரிமலைக் குழம்போட மேல வந்து பசால்ட்ங்கிற எரிமலைப் பாறைக்குள்ள மாட்டிக்கிட்டது. நெருக்கத்துல வளந்ததுக்கு முகம் எங்க இருந்து வரும்? மணி மணியாத்தான் இருக்கும். பாகிஸ்தான்ல கோஹிஸ்தான் பக்கம் சபாத்னு ஒரு இடம், உயரமான மலை, வெயில் காலத்துல மட்டும்தான் ஏறி வேலை செய்ய முடியும், 1990கள்ல அங்க இருந்து வர ஆரம்பிச்ச கிரிஸ்டலைப் பாத்து சேக்கிறவங்க எல்லாம் வாயைப் பொளந்தாங்க. அங்க செர்பென்டின்ங்கிற கனிமமா மாறின பாறையோட வெடிப்புல காலி இடம் இருந்துச்சு, அதனால கோடு கோடான முகம், கூரை மாதிரி நுனி எல்லாம் வந்துச்சு. ஆக "அரிசோனா, முழு நுனியோட"ன்னு லேபிள் போட்டு ரெண்டு இன்ச் கிரிஸ்டலைக் காட்டினா பர்ஸை உள்ள வச்சுடுங்க. நம்ம சேலம் சாக் ஹில்ஸ்ல மேக்னசைட் எடுக்கிற இடத்துல இருக்கிற டூனைட் பாறையிலயும் மூலச்சரக்கு ஆலிவின்தான், அதுக்காக அந்தப் பாறைத் துண்டை பெரிடாட்னு சொல்லிட முடியாது.

உள்ள கருப்பா ஏதாவது தெரிஞ்சா அழுக்குன்னு ஒதுக்கிடுறாங்க, அதுவும் தப்பு. சபாத் கல்லுக்குள்ள முடி மாதிரி கருப்பு ஊசி இருக்கும், லட்விகைட் வகை கனிமம். சான் கார்லோஸ் மணிகளுக்குள்ள தாமரை இலை மாதிரி வட்டமா ஒரு விரிசல், நடுவுல பொட்டு மாதிரி குட்டி குரோமைட் கனிமம். இதெல்லாம் கல்லோட கைரேகை. எந்த குறையும் இல்லாத பெரிய துண்டு சல்லிசான விலைக்கு வந்தாத்தான் பயப்படணும், பாதி நேரம் அது பச்சை பாட்டில் கண்ணாடிதான்.

கண்ணாடியைக் கண்டுபிடிக்க லேப் எல்லாம் வேணாம். ஒரு லென்ஸ் எடுத்து கல்லு வழியா உள்ள இருக்கிற ஊசியையோ பின்பக்க விளிம்பையோ பாருங்க, பெரிடாட்ல ரெண்டு ரெண்டா தெரியும், ஏன்னா வெளிச்சத்தை அது ரெண்டா பிரிக்கும், கண்ணாடி பிரிக்காது. ஒரு பக்கம் தெரியலன்னா திருப்பிப் பாருங்க, எல்லா திசையிலயும் தெரியாது. உருண்டையா காத்துக்குமிழி இருந்தா கதை முடிஞ்சுது. இன்னொன்னு தராசு. கல்லை முதல்ல சும்மா எடை போடுங்க, அப்புறம் நூல்ல கட்டி தண்ணிக்குள்ள தொங்கவிட்டு போடுங்க. 10 கிராம் பெரிடாட் தண்ணிக்குள்ள சுமார் 3 கிராம் குறைச்சுக் காட்டும், சாதா கண்ணாடின்னா 4 கிராம் குறையும். பாறையோட ஒட்டி இருக்கிற பீஸுக்கு இது ஒத்து வராது, தனிக் கல்லுக்கு மட்டும்.

பாறையோட இருக்கிற பீஸ்னா வேற தலைவலி, ஒட்டு வேலை. கல்லு தனியா பாறை தனியா கிடைச்சதை பசை போட்டு ஒட்டி, மேல பாறைத் தூளைத் தூவிடுவாங்க. யூவி டார்ச் ஒன்னு வாங்கி வச்சுக்கோங்க, இருட்டுல அடிச்சுப் பாருங்க. பெரிடாட்ல இரும்பு இருக்கிறதால அது ஒளிராது, ஆனா நிறைய பசை வெள்ளையா நீலமா மின்னும், ஒட்டின இடம் தானா காட்டிக் கொடுத்துடும். எல்லாப் பசையும் மின்னாது, அதனால ஒட்டுற இடத்தை லென்ஸ்லயும் ஒரு தடவை பாத்துடுங்க. முகத்துக்கு பாலிஷ் போட்டு விக்கிறதும் உண்டு. அதீத பளபளப்பும் மழுங்கின விளிம்புமா இருந்தா, ஒரே திசையில மெல்லிசா கீறல் ஓடினா, கேள்வி கேளுங்க.

க்ளீனிங் பத்தி சொல்லணும்னா என் முட்டாள்தனத்தைத்தான் சொல்லணும். குவார்ட்ஸ் க்ளீன் பண்ணி பழகின கை, கறை படிஞ்ச ஒரு பெரிடாட்டையும் அதே மாதிரி ஹைட்ரோகுளோரிக் ஆசிட்ல ராத்திரி முழுக்கப் போட்டுட்டு தூங்கிட்டேன், காலையில எடுத்தா கறை போச்சு, கூடவே முகத்துல இருந்த மினுமினுப்பும் போச்சு. குவார்ட்ஸை அந்த ஆசிட் தொடாது, ஆலிவினை அரிச்சுடும், கெமிஸ்ட்ரி புக்கைத் திறந்து பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். வெதுவெதுப்பான தண்ணி, கொஞ்சம் சோப்பு, சாஃப்ட் டூத் பிரஷ், அவ்ளோ போதும். சூடான தண்ணியில இருந்து எடுத்து உடனே பச்சைத் தண்ணியில போடாதீங்க, விரிசல் விடும். அதிர்வால கழுவுற அல்ட்ராசோனிக் மெஷின் பக்கமே போகக்கூடாது.

ஒரு விஷயம் இதுல சீரியஸ். சபாத் கிரிஸ்டல் மேல சில சமயம் பஞ்சு மாதிரி வெளிர் நார் ஒட்டியிருக்கும், அது கிரைசோடைலா இருக்கலாம், அதாவது ஆஸ்பெஸ்டாஸ். அதை காய்ஞ்ச பிரஷ்ஷால தேய்க்கவோ வாயால ஊதவோ கூடாது. அப்படியே ஒரு மூடி போட்ட டப்பாவுல வச்சுடுங்க, அழகாத்தான் இருக்கும்.

டப்பான்னதும் ஞாபகம் வருது, எல்லாக் கல்லையும் ஒரே பையில போட்டு குலுக்குறவங்க இருக்காங்க. பெரிடாட்டோட கடினம் ஆறரைல இருந்து 7 வரைக்கும், புஷ்பராகம் 8, நீலக்கல் 9. கூடப் போட்டா யாரு கீறல் வாங்குவாங்கன்னு நான் சொல்லத் தேவையில்ல.

அப்புறம் லேபிள். "காஷ்மீர் பெரிடாட்"னு வர்றது பெரும்பாலும் சபாத் சரக்குதான், அந்தப் பேருக்கு மவுசு இருக்குன்னு வச்சது. செங்கடல்ல எகிப்துக்குச் சொந்தமான சபர்கத் தீவு, பழைய காலத்து பெரிடாட் பெரும்பாலும் அங்க இருந்து வந்ததுதான், அந்தப் பேரு போட்ட கல்லுன்னா யாரு கைல இருந்து யாரு கைக்கு வந்துச்சுன்னு காகிதம் கேளுங்க. இலங்கையில இருந்து வந்த பழுப்பு பெரிடாட்னு யாராவது காட்டினா இன்னும் உஷாரா பாருங்க, ரொம்ப நாளா அப்படி நினைச்சுக்கிட்டு இருந்த கல்லை 1952ல சோதிச்சுப் பாத்து அது வேற கனிமம்னு கண்டுபிடிச்சு சிங்களைட்னு பேரு வச்சாங்க, அது கொஞ்சம் கனமாவும் இருக்கும். மியூசியத்துக்காரங்களே அதுவரைக்கும் ஏமாந்திருக்காங்க. அதனால பழைய லேபிள் தப்புன்னு தெரிஞ்சாலும் கிழிச்சுப் போட்டுடாதீங்க, உங்க லேபிளை தேதியோட எழுதி அதுக்குப் பின்னாடி சொருகி வைங்க.